24 முறை முடிந்துவிட்டது, இனி கைரோபிராக்டர் சிகிச்சை கிடைக்காதா?

கேள்வி: கலிபோர்னியாவில், சான் ஹோசே அருகே ஒரு மளிகைக் கிடங்கில் வேலை செய்கிறேன். ஐந்து மாதம் முன்பு அரிசி மூட்டை தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. வொர்க்கர்ஸ் காம்ப், அதாவது வேலைக் காயத்துக்கான இழப்பீட்டு க்ளெய்மை ஏற்றுக்கொண்டார்கள். அவர்களின் டாக்டர் பட்டியலிலிருந்து ஒரு கைரோபிராக்டரை (முதுகெலும்பு, மூட்டுகளைக் கையால் சரிசெய்பவர்) தேர்ந்தெடுத்தேன். ‘15 பவுண்டுக்கு மேல் தூக்கக் கூடாது’ என்று எழுதித் தருபவரும் அவர்தான். கிடங்கில் லேசான வேலை இல்லை என்பதால் வீட்டில் இருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உதவித்தொகை வருகிறது. இப்போது 24 முறை முடிந்துவிட்டது, இனி பணம் தர மாட்டோம் என்று இன்சூரன்ஸ் கடிதம் அனுப்பியிருக்கிறது. க்ளினிக்கில் தடவைக்கு 75 டாலர் கேட்கிறார்கள். என் க்ளெய்மே மூடிவிட்டதா?

பதில்: மூடவில்லை. ஆனால் நீங்கள் 25-ஆவது சிகிச்சையைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எனக்குக் கவலை அந்தத் தூக்கும் வரம்புச் சீட்டைப் பற்றித்தான்.

கலிபோர்னியா தொழிலாளர் சட்டத்தின் 4604.5-ஆவது பிரிவின்படி, 2004 ஜனவரி 1-க்குப் பிறகு நடந்த ஒவ்வொரு வேலைக் காயத்துக்கும் கைரோபிராக்டிக் சிகிச்சை 24 முறை மட்டுமே. அந்த 24 முடிந்ததும், கைரோபிராக்டர் உங்கள் முதன்மை மருத்துவராகவும் தொடர முடியாது. வேலை வரம்பை எழுதுவதும், 45 நாளுக்குள் ஒருமுறையாவது இன்சூரன்ஸுக்கு அறிக்கை அனுப்புவதும் முதன்மை மருத்துவரின் வேலை. அந்த இடம் காலியானால் சீட்டு காலாவதியாகும். உதவித்தொகையும் அதோடு நிற்கக்கூடும். பலருக்கு இப்படித்தான் பணம் நிற்கிறது. முதுகு சரியாகாமலேயே நிற்கிறது என்பதுதான் கொடுமை. கையில் இருக்கும் சீட்டு எந்தத் தேதி வரை என்று இன்றே பாருங்கள். அதற்குள் புது முதன்மை மருத்துவர் வேண்டும்.

உங்கள் முதலாளிக்கு எம்.பி.என். என்னும் மருத்துவர் வலைப்பட்டியல் இருப்பதால் அதற்குள்தான் மாற வேண்டும். பட்டியலோடு வந்த அறிவிப்பில் ‘மெடிக்கல் ஆக்சஸ் அசிஸ்டெண்ட்’ (பட்டியலில் டாக்டர் தேட உதவுபவர்) என்று ஒரு இலவச எண் இருக்கும். திங்கள் முதல் சனி வரை, காலை 7 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள். அட்ஜஸ்டர், அதாவது உங்கள் க்ளெய்மைக் கவனிக்கும் இன்சூரன்ஸ் அலுவலர், போனை எடுக்காவிட்டாலும் இந்த வழி திறந்திருக்கும். பிசியாட்ரிஸ்ட், அதாவது உடலியக்க மருத்துவம் படித்த எம்.டி. ஒருவரைக் கேளுங்கள், உங்களைப் போன்ற இடுப்புக் காயத்துக்கு அவரே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். அப்பாயிண்ட்மெண்ட் கிடைத்ததும், ‘இன்ன டாக்டரை என் முதன்மை மருத்துவராகத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்’ என்று அட்ஜஸ்டருக்கு எழுத்தில் அனுப்பி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது.

பிசியோதெரபிக்கு தனியாக 24 முறை வரை உண்டு. கைரோபிராக்டரிடம் போனதால் அது குறையாது. புது மருத்துவர் அதைக் கேட்க ஆர்.எஃப்.ஏ. என்ற சிகிச்சை அனுமதிக் கோரிக்கைப் படிவத்தை இன்சூரன்ஸுக்கு அனுப்ப வேண்டும். இங்கேதான் நிறைய கோரிக்கைகள் சறுக்குகின்றன: படிவத்தோடு அறிக்கை இணைக்கப்படாது, அல்லது எத்தனை முறை, வாரத்துக்கு எத்தனை, உடம்பின் எந்தப் பகுதிக்கு என்பது இருக்காது. ‘வலி குறைந்தது’ என்று மட்டும் எழுதினால் போதாது. இன்சூரன்ஸ் தரப்பு தேடுவது செயல்திறன். முதலில் பத்து நிமிடம்தான் நிற்க முடிந்தது, இப்போது நாற்பது நிமிடம். 5 பவுண்டு தூக்கியவர் 15 பவுண்டு தூக்குகிறார் என்று எண்ணிக்கையோடு இருக்க வேண்டும். இதை நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கோரிக்கை கிடைத்த 5 வேலை நாளுக்குள் இன்சூரன்ஸ் தரப்பு முடிவு சொல்ல வேண்டும். கூடுதல் தகவல் கேட்டால் 14 நாள் வரை போகலாம். மருத்துவத் தேவை இல்லை என்று மறுக்கும் அதிகாரம் அட்ஜஸ்டருக்குக் கிடையாது, மருத்துவர்தான் மறுக்க முடியும். அப்படி மறுத்தால் கடிதத்தோடு ஐ.எம்.ஆர். என்ற சுயேச்சை மறுஆய்வுப் படிவம் வரும். கையெழுத்திட்டு 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். தவறவிட்டால், நிலைமையில் பெரிய மாற்றம் இல்லாதவரை அந்த மறுப்பு 12 மாதம் நிற்கும்.

இப்போது வந்திருக்கும் கடிதத்தை மறுபடி படியுங்கள். காரணம் 24 என்ற வரம்பு மட்டும் என்றால் ஐ.எம்.ஆர். உதவாது, அது மருத்துவத் தேவையை மட்டுமே பார்க்கும். ஆனால் கணக்கு சரியா என்று கேட்கலாம். பணம் கொடுத்த சிகிச்சைத் தேதிகளின் பட்டியலை அட்ஜஸ்டரிடம் எழுத்தில் கேட்டு, உங்கள் காலண்டரோடு ஒப்பிடுங்கள். ஒரே தேதி இரண்டு முறை வந்திருந்தாலும், நீங்கள் போகாத நாள் சேர்ந்திருந்தாலும் ஆட்சேபியுங்கள். முதுகைத் தொடாமல் பரிசோதனை மட்டும் செய்த நாள்களும் எண்ணிக்கையில் சேரும். அதை வைத்து வாதாட வேண்டாம். இன்சூரன்ஸ் எழுத்தில் சம்மதித்தால் 24-ஐத் தாண்டலாம். கைரோபிராக்டர், உதாரணமாக, இன்னும் ஆறு முறை என்று குறிப்பிட்டுக் கேட்கலாம். ஒருமுறை சம்மதித்தார்கள் என்பதற்காக அடுத்த முறையும் சம்மதிக்க வேண்டும் என்பதில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய சிகிச்சைக்கு வேறு விதி. உங்களுக்கு அது இப்போது தேவையில்லை.

75 டாலர் விஷயம்: முடிந்துபோன 24 முறைக்கு அந்த க்ளினிக் உங்களிடம் ஒரு சென்ட்டும் வாங்கக் கூடாது. 3751-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. உங்களுக்கு வந்தது சிகிச்சைக்கான மறுப்பு. காயத்துக்கே பொறுப்பில்லை என்ற மறுப்பு அல்ல. இனிமேல் சொந்தச் செலவில் போக உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் அந்தப் பணம் திரும்பி வரும் என்று எண்ணிச் செலவழிக்காதீர்கள். உங்கள் சொந்த ஹெல்த் இன்சூரன்ஸ் கார்டைக் கொடுத்து ‘சாதாரண முதுகுவலி’ என்று சொல்லவே வேண்டாம். அந்தப் பதிவு பின்னால் உங்கள் க்ளெய்முக்கு எதிராகவே வந்து நிற்கும்.

சீட்டு முடிவதற்குள் அப்பாயிண்ட்மெண்ட் கிடைக்காவிட்டால், சான் ஹோசேயிலேயே இருக்கும் தொழிலாளர் இழப்பீட்டுப் பிரிவு அலுவலகத்தில் தகவல் உதவி அதிகாரியைப் பாருங்கள். கட்டணம் இல்லை, விசா, குடியேற்ற நிலை எதுவானாலும் உங்கள் உரிமை மாறாது. போகும்போது மறுப்புக் கடிதம், அது வந்த உறை, வேலை வரம்புச் சீட்டு, மெடிக்கல் ஆக்சஸ் அசிஸ்டெண்ட் எண்ணுக்குப் போன் செய்த தேதிகள் நான்கையும் எடுத்துச் செல்லுங்கள். உறை எதற்கு என்றால், 30 நாள் கணக்கில் தகராறு வந்தால் தபால் முத்திரை பேசும்.