மேதைகளான இசைக்கலைஞர்கள் சிலர் ரசிகர்களிடம் ஏன் எரிந்து விழுகிறார்கள்?

காசு கொடுத்து வந்தவர்களை மேடையிலிருந்தே திட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. ஆனால் எரிச்சலுக்குக் காரணம் உண்டு. பியானோ கலைஞர் கீத் ஜாரெட் தனிக் கச்சேரிகளில் எதையும் எழுதி வைத்துக்கொள்ளாமல் அந்த நொடியிலேயே இசையை உருவாக்கியவர், அப்படி வாசிக்கும்போது ஒரு இருமலோ கேமரா வெளிச்சமோ போதும், பிடித்திருந்த இழை அறுந்துவிடும். சரி, புரிகிறது. ஆனால் 2007-இல் இத்தாலியின் பெருஜியாவில் வாசிக்கத் தொடங்கும் முன்பே மைக்கில் படமெடுப்பவர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டினார், சும்மா உட்கார்ந்திருந்தவர்களும் அதைக் கேட்க வேண்டியதாயிற்று, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

2013-இல் ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில், ஒருவர் போனில் படம்பிடித்ததால் பியானோ கலைஞர் கிறிஸ்டியான் சிமர்மன் மேடையை விட்டே எழுந்து போனார். அப்புறம் திரும்பி வந்து, இப்படி யூடியூபில் போவதால் ஒலிப்பதிவு வாய்ப்புகளை இழந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, மீதியை வாசித்தார்.