குற்றப்பத்திரிகை இல்லாத சிறை: வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர்கள் பதில்

கியூபாவில் உள்ள அமெரிக்க ராணுவச் சிறையான குவாண்டானமோ பற்றிப் போன இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2002 முதல் பலரை வழக்கு இல்லாமல் அடைத்து வைத்த இடம் அது. அதைப் படித்துவிட்டு நெல்லை, தென்காசி மாவட்டங்களிலிருந்து வாசகர்கள் எழுதியவற்றில் ஐந்து கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

போர்க்கைதியை வழக்கு எதுவும் போடாமல் வைத்திருப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம்தானே? குவாண்டானமோவை மட்டும் ஏன் குறை சொல்கிறார்கள்?
சட்டக் கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

வழக்கம்தான். போர்க்கைதியைப் பிடித்து வைப்பது தண்டனை அல்ல, அவர் மறுபடியும் ஆயுதம் தூக்காமல் தடுக்கும் ஏற்பாடு. அதனால் குற்றப்பத்திரிகை வேண்டியதில்லை. 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை இதை ஒப்புக்கொள்கிறது. கூடவே இரண்டு கட்டுப்பாடுகளையும் வைக்கிறது. சண்டை ஓய்ந்ததும் தாமதமில்லாமல் விட்டுவிட வேண்டும் என்பது 118ஆம் பிரிவு. பிடிபட்டவரின் தகுதியில் ஐயம் வந்தால், ஒரு தீர்ப்பாயம் முடிவு சொல்லும்வரை அவரைப் போர்க்கைதியாகவே நடத்த வேண்டும் என்பது 5ஆம் பிரிவு.

இந்தத் தீர்ப்பாயத்தை நடத்த அமெரிக்க ராணுவத்திடமே 190-8 என்ற எண்ணில் ஒழுங்குவிதி உண்டு. மூன்று அதிகாரிகள் உட்கார்ந்து விசாரிப்பார்கள். 1991 வளைகுடாப் போரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விசாரணைகளை அப்படி நடத்தினார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் படைவீரர்களே அல்ல என்று அப்போது தெரியவந்தது. பிடித்த சில நாட்களில், பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே கேட்டதால்தான் அது முடிந்தது. 2002இல் இந்தப் படியையே தாண்டிவிட்டார்கள். தாலிபான், அல்காய்தா ஆட்கள் யாருக்கும் போர்க்கைதித் தகுதி கிடையாது என்று அந்த ஆண்டு பிப்ரவரி 7இல் அதிபர் புஷ் முடிவெடுத்தார். ஐயமே இல்லை என்று சொல்லிவிட்டால் தீர்ப்பாயத்துக்கு வேலை ஏது?

சீருடையில் பிடிபட்டவர் யார் என்பதில் குழப்பம் வராது. குவாண்டானமோவுக்குப் போனவர்களில் பலர் அப்படிப் பிடிபட்டவர்கள் அல்லர். வெகுமதிப் பணத்துக்காக மற்றவர்கள் பிடித்துக் கொடுத்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் விஷயத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே ‘இவர் யார்?’ என்பதுதான். அதைக் கேட்க இரண்டரை ஆண்டு ஆயிற்று.

குவாண்டானமோ கைதிகளுக்கு ராணுவம் நடத்திய மறுஆய்வு எப்படி நடந்தது? படிப்படியாகச் சொல்ல முடியுமா?
பள்ளி ஆசிரியை, அம்பாசமுத்திரம்

குவாண்டானமோ கைதிகள் அமெரிக்க நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு (தன்னை அடைத்தது சட்டப்படி சரியா என்று நீதிமன்றத்தைப் பார்க்கச் சொல்லும் மனு) போடலாம் என்று 2004 ஜூன் 28இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்பது நாள் கழித்து, ஜூலை 7இல், பாதுகாப்புத் துறை ‘போராளித் தகுதி மறுஆய்வுத் தீர்ப்பாயம்’ என்ற ஒன்றை அறிவித்தது. கைதி ‘எதிரிப் போராளி’தானா, அதாவது பிடித்து வைக்கத் தக்கவர்தானா என்று முடிவு செய்வது அதன் வேலை.

அதில் மூன்று ராணுவ அதிகாரிகள் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் ராணுவச் சட்ட அதிகாரி. ஆதாரங்களைத் திரட்டி வைப்பதற்கு ஒரு பதிவாளர் உண்டு. கைதிக்கு உதவியாக ‘தனிப் பிரதிநிதி’ என்று இன்னொரு அதிகாரியைத் தருவார்கள். இவர் வழக்கறிஞர் அல்ல, வழக்கறிஞராக இருக்கவும் கூடாது. கைதி சொல்வதை இவர் ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கடமையும் கிடையாது. தன் நிலைமையை மனம்விட்டுச் சொல்ல ஓர் ஆள்கூட இல்லாமல்தான் கைதி அந்த அறைக்குள் போனார்.

முதலில், ரகசியம் நீக்கிய ஒரு சுருக்கத்தைக் கைதிக்கு வாசித்துக் காட்டுவார்கள். பிறகு அவர் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். சாட்சி கேட்கலாம். ஆனால் அந்தச் சாட்சி ‘நியாயமாகக் கிடைக்கக்கூடியவர்’ என்று தலைமை அதிகாரி கருதினால்தான் அழைப்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் சாட்சி என்றால் பெரும்பாலும் கதை அதோடு முடிந்தது. அடுத்து, கைதியை வெளியே அனுப்பிவிட்டு ரகசிய ஆவணங்களைப் பார்ப்பார்கள். கேள்விப்பட்ட செய்தியையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம். அரசின் ஆதாரம் உண்மையானது என்ற அனுமானத்தோடுதான் விசாரணையே தொடங்கும், அதை முறியடிக்கும் சுமை கைதியின் தலையில். எந்தப் பக்கம் சற்றுக் கூடுதலாகச் சாய்கிறதோ அந்தப் பக்கம் முடிவு. மூவரில் இருவர் சொன்னால் போதும்.

இதில் எது உடைந்தது என்பதற்கு ஒரு வழக்கே போதும். போஸ்னியாவில் கைதான ஆறு அல்ஜீரியர்களை ஆதாரம் இல்லையென்று 2002 ஜனவரியில் அந்நாட்டு நீதிமன்றம் விடுவித்தது. விடுவித்த கையோடு அவர்களை அமெரிக்கப் படையிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர்மேல் இருந்த புகார்களில் ஒன்று, அல்காய்தா ஆள் ஒருவரோடு பழகினார் என்பது. ‘அவர் பெயரைச் சொல்லுங்கள், தெரியுமா தெரியாதா என்று சொல்கிறேன்’ என்ற பொருளில் அவர் தீர்ப்பாயத்தில் கேட்டார். தலைமை அதிகாரிக்கே அந்தப் பெயர் தெரியவில்லை. பெயரே இல்லாத குற்றச்சாட்டுக்கு எவரும் என்ன பதில் சொல்ல முடியும்? அமெரிக்க மாவட்ட நீதிபதி ஜாய்ஸ் ஹென்ஸ் கிரீன் 2005 ஜனவரியில் எழுதிய தீர்ப்பில் இந்த உரையாடலை எடுத்துக்காட்டி, இந்த நடைமுறை போதாது என்றார்.

‘எதிரிப் போராளி’ என்ற வரையறையும் அகலமானது. ஆப்கன் அனாதைகளுக்கென்று நினைத்துக்கொண்டு சுவிட்சர்லாந்தில் ஒரு மூதாட்டி நன்கொடை கொடுக்கிறார், அந்தப் பணம் அவருக்குத் தெரியாமல் அல்காய்தாவுக்குப் போகிறது. அவரையும் பிடித்து வைக்கலாமா என்று அதே நீதிபதி கேட்டார். வைக்கலாம் என்றது அரசுத் தரப்பு.

மொத்தம் 558 பேருக்கு இந்த மறுஆய்வு நடந்தது. ‘எதிரிப் போராளி அல்ல’ என்று வெளியே வந்தவர்கள் 38 பேர். தீர்ப்பாயத்தில் உட்கார்ந்த ராணுவ அதிகாரி ஸ்டீபன் ஆபிரகாமே, தங்கள் முன் வைத்த தகவல்கள் மேலோட்டமானவை என்று 2007இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன பிரமாணப் பத்திரத்தில் எழுதினார். ஆட்கொணர்வு மனுவுக்கு இந்தத் தீர்ப்பாயம் ஈடாகாது என்று 2008 ஜூன் 12இல் ‘பூமெதியன்’ வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஆறு அல்ஜீரியர்களின் வழக்கை மாவட்ட நீதிபதி கேட்டபோது, ஐந்து பேரை விடச் சொன்னார். அதற்குள் ஏழு ஆண்டுகள் ஓடியிருந்தன.

‘விடுவிக்கலாம்’ என்று குழுவே முடிவு செய்த பிறகும் ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்தார்களாமே, எப்படி?
வாசகர், சங்கரன்கோவில்

2011 மார்ச் 7இல் அதிபர் ஒபாமா போட்ட ஆணைப்படி ‘காலமுறை மறுஆய்வுக் குழு’ வந்தது. பாதுகாப்பு, வெளியுறவு, நீதி, உள்நாட்டுப் பாதுகாப்பு என்று நான்கு துறைகள், கூடவே தேசிய உளவு இயக்குநர் அலுவலகமும் முப்படைத் தளபதிகள் குழுவும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை முழு மறுஆய்வு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோப்புப் பரிசீலனை. இங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அரசு செலவு செய்யாது. முதல் விசாரணையே 2013 நவம்பரில்தான் நடந்தது.

இந்தக் குழு ‘செய்தாரா?’ என்று கேட்பதில்லை. ‘இவரால் இனி ஆபத்து உண்டா?’ என்று கேட்கிறது. அதனால் சிறைக்குள் நடத்தை, வெளியே போனால் என்ன தொழில், எந்தக் குடும்பம் பொறுப்பேற்கும் என்பதெல்லாம் முன்னால் வந்துவிடும். குழு சரி என்றாலும் கதவு திறக்காது. அவரை ஏற்க ஒரு நாடு வேண்டும், அந்த நாடு கண்காணிப்புக்கு உறுதி தர வேண்டும், அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு 30 நாள் முன்னறிவிப்புப் போக வேண்டும். அமெரிக்க மண்ணுக்குக் கொண்டுவர நாடாளுமன்றமே தடை போட்டிருக்கிறது. ஏமன் நாட்டவரைச் சொந்த ஊருக்கு அனுப்பவும் தடை. அதனால்தான் 2025 ஜனவரியில் 11 ஏமன் நாட்டவர் ஓமனுக்குப் போனார்கள். சுமார் 780 பேர் போய்வந்த அந்த இடத்தில் அன்றைக்கு 15 பேர் மிஞ்சினார்கள்.

நம் நாட்டில் போர்க்காலத்தில் இப்படி நடந்ததுண்டா?
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், தென்காசி

உண்டு, உங்கள் பக்கத்திலேயே. சீனப் போரின்போது 1962 அக்டோபர் 26இல் அறிவித்த நெருக்கடி நிலை, சண்டை ஒரு மாதத்தில் நின்றபின்னும் 1968 ஜனவரி வரை நீடித்தது. அந்தக் காலத்தில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் விசாரணையின்றி எவரையும் அடைக்கலாம். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது, 1965இல், மு. கருணாநிதியைப் பாளையங்கோட்டைச் சிறையில் வைத்தது இந்தச் சட்டத்தின்கீழ்தான். சீனப் போருக்கென்று வந்த அதிகாரம் மொழிப் போராட்டத்துக்கும் பயன்பட்டது.

இன்னும் கீழே இறங்கியதும் உண்டு. திருவனந்தபுரத்தில் மண்ணெண்ணெய் வியாபாரி ஒருவரை, அத்தியாவசியப் பொருள் விநியோகத்துக்கு இடையூறு என்று சொல்லி இதே விதியில் பிடித்து வைத்தார்கள். காவல் அதிகாரியின் அறிக்கை கெட்ட நோக்கத்தோடு எழுதப்பட்டது என்று கண்டு, 1966இல் சதானந்தன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. நெருக்கடி நிலையில்கூட, கெட்ட நோக்கத்தோடு போட்ட உத்தரவுக்கு அந்தச் சட்டம் கவசமாகாது என்றது அந்தத் தீர்ப்பு. எங்கள் பார்வையில், தடுப்புக் காவல் (விசாரணையின்றி முன்கூட்டியே அடைத்து வைப்பது) வழக்கு நடத்தும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது அது.

அண்ணாச்சி, எங்க அக்கா மகன் மேல குண்டாஸ் போட்டுட்டாங்க. பாளையங்கோட்டை ஜெயில்ல இருக்கான். ஒரு வருஷம் ஒண்ணும் செய்ய முடியாதுன்னு ஊர்ல சொல்லுதாங்க. வக்கீலும் வைக்கக் கூடாதாமே?
வாசகி, நாங்குநேரி

அம்மா, ஊரில் சொல்வதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

இதுவும் குற்றப்பத்திரிகை இல்லாத காவல்தான். ஆனால் ஊரில் குண்டாஸ் என்று சொல்லும், 1982ஆம் ஆண்டின் இந்தக் குண்டர் தடுப்புச் சட்டத்தில் அரசுக்குக் கெடு உண்டு. பிடித்த ஐந்து நாளுக்குள் காரணங்களைக் கைதியிடம் கொடுக்க வேண்டும். ஆட்சியரோ காவல் ஆணையரோ போட்ட உத்தரவை அரசு 12 நாளுக்குள் அங்கீகரிக்க வேண்டும். அடைத்து வைக்கப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்துக்கு மூன்று வாரத்துக்குள் அனுப்ப வேண்டும். பிடித்த நாளிலிருந்து ஏழு வாரத்துக்குள் கழகம் அறிக்கை தர வேண்டும். எப்படிப் போனாலும் 12 மாதத்துக்கு மேல் வைக்க முடியாது. ஒரு நோட்டில் இந்தத் தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள்.

சிறையில் பையனிடம் கொடுத்திருக்கும் புத்தகத்தை, கோர்ட்டில் ‘புக்லெட்’ என்பார்கள், பக்கம் விடாமல் பாருங்கள். படிக்க முடியாத நகல் எது? தமிழாக்கம் இல்லாத ஆங்கிலக் காகிதம் எது? கைதிக்குப் புரியும் மொழியில் காரணங்களைத் தர வேண்டும் என்பது 1962இலேயே முடிவான சட்டம். ‘ஜாமீனில் வந்துவிடுவார்’ என்று எழுதியிருந்தால், எந்த ஜாமீன் மனுவை, எந்த உத்தரவை வைத்து எழுதினார்கள் என்று பாருங்கள். மனுவே போடாதபோது வெறும் ஊகத்தில் அப்படி எழுத முடியாது. சாதாரணச் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக் காவல் கூடாது என்று 2011இல் ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அடுத்து, உத்தரவை ரத்து செய்யக் கேட்கும் முறையீட்டு மனு. உத்தரவு போட்ட அதிகாரிக்கு ஒன்று, சென்னைக் கோட்டையில் உள்துறை, மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறைச் செயலாளருக்கு ஒன்று, அறிவுரைக் கழகத்துக்கு ஒன்று. உத்தரவு போட்டவருக்கு அனுப்புவதை முதல் 12 நாளுக்குள், அரசு அங்கீகரிக்கும் முன்பே அனுப்புங்கள். அதன்பின் அதை ரத்து செய்யும் அதிகாரம் அரசிடம் போய்விடும். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பி, அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அரசு அந்த மனுவைக் காரணமில்லாமல் கிடப்பில் போட்டால், எத்தனை நாள் கிடந்தது என்பதை அந்த அட்டைதான் காட்டும். அந்தத் தாமதம் ஒன்றாலேயே உடைந்த உத்தரவுகள் ஏராளம்.

அறிவுரைக் கழகத்தின் முன் வக்கீல் வைக்கும் உரிமை இல்லை என்பது உண்மை. அரசியலமைப்பின் 22ஆம் பிரிவே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பையன் கேட்டால் அவனை நேரில் கேட்டாக வேண்டும். வக்கீல் அல்லாத நண்பர் ஒருவரின் உதவியைப் பெறலாம், அரசு வக்கீலோடு வந்தால் அவனுக்கும் வக்கீல் தர வேண்டும் என்று ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நேரில் கேட்க விரும்புகிறேன், நண்பரின் உதவி வேண்டும் என்று அவன் கைப்பட எழுதிக் கொடுக்கட்டும்.

வக்கீல் தடை கழகத்தோடு சரி. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அவன் தாய் பெயரிலேயே ஆட்கொணர்வு மனு போடலாம். அங்கே வக்கீல் வாதாடுவார். காவலில் இருப்பவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100க்கும் போன் செய்யலாம்.

இன்னொன்றை விட்டுவிடாதீர்கள். குண்டாஸ் ரத்தானாலும் மூல வழக்கில் ஜாமீன் இல்லையென்றால் பையன் வெளியே வர முடியாது. அந்த ஜாமீன் வேலையை இதோடு சேர்த்தே நடத்தச் சொல்லுங்கள். ஆனால் மனு போடும் தேதியை மட்டும் வக்கீலிடம் கலந்து முடிவு செய்யுங்கள், ஏனென்றால் நிலுவையில் இருக்கும் ஜாமீன் மனுவையே காரணமாகக் காட்டி உத்தரவு போடுவது வழக்கம்.