கியர் மாத்தும்போது அடியில 'டொக்'குனு சத்தம்: முதல்ல கிராஸைப் பாருங்க

அண்ணே, மண்டபத்துல மீன் ஏத்துற பழைய பிக்கப், கிளட்ச் விடும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் 'டொக்'குனு சத்தம்னு எழுதியிருக்கீங்க. மெக்கானிக் கிரவுனை, அதாவது பின் ஆக்ஸில் உள்ளே இருக்குற பெரிய பல்சக்கரத்தை, பிரிக்கச் சொன்னா இப்போதைக்குச் சம்மதிக்காதீங்க. கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போற நீள ஷாஃப்டோட மூட்டுல இருக்குற கூட்டல் குறி மாதிரி துண்டுதான் கிராஸ்.

சமதரையில நிறுத்தி, முன்னும் பின்னும் சக்கரத்துக்குக் கட்டை வச்சு, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, இன்ஜினை அணைச்சிட்டு அடியில போங்க. வெறும் ஜாக்கை நம்பிப் போகவே கூடாது. முதல்ல பிளேஞ்ச், அதாவது ஷாஃப்ட் நுனியைப் பூட்டுற தட்டு, அதோட போல்ட்டு நாலையும் ஸ்பேனர் போட்டுப் பாருங்க. சில நேரம் அது லூசா இருக்குறதுதான் வியாதியே.

அப்புறம் ஒவ்வொரு கிராஸுக்கும் இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை வச்சு எதிரெதிரா முறுக்குங்க. கிராஸ் முனை உட்கார்ந்திருக்குற கப்புக்குள்ள அது கொஞ்சம் அசைஞ்சாலும் கிராஸ் போச்சு. கப் ஓரத்துல செங்கல் பொடி மாதிரி துரு கசிஞ்சிருந்தா உள்ளே ஊசி பேரிங் தேஞ்சிருக்கு. ஐஸ் பெட்டியிலிருந்து ஒழுகுற உப்புத்தண்ணி நேரா அங்கதான் சொட்டும், சீல் தாங்காது.

கிராஸ் கெட்டியா இருந்தா, ஷாஃப்ட் நீண்டு சுருங்குற இடமான ஸ்லிப் ஜாயிண்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்க. ஷாஃப்டை நடுவுல தாங்குற சென்டர் பேரிங் ரப்பர் கிழிஞ்சிருந்தா லோடோட கிளம்பும்போது வண்டி உதறும். எல்லாம் சரியா இருந்து, பின் ஆக்ஸில் பக்கத்துல இருக்குற பினியன் பிளேஞ்ச் மட்டும் ரொம்பச் சுத்தினாத்தான் கிரவுன். கொஞ்சம் ஆட்டம் அதுக்கு இயல்பு.

ஷாஃப்டைக் கழட்டுமுன் ரெண்டு பிளேஞ்சுலயும் ஸ்லிப் ஜாயிண்டுலயும் பெயின்ட் கோடு போட்டுக்கோங்க. மாத்திப் பூட்டினா அதிர்வு வரும். புது கிராஸுக்கு நாலு சீல்லயும் எட்டிப் பார்க்குற வரை கிரீஸ் அடிங்க.

கிராஸ் ஆடுதுன்னா பாம்பன் பாலம் ஏறாதீங்க. ஷாஃப்ட் கழண்டு ரோட்டுல குத்தும்.