ஆண்டுக்கு 3 லட்சம் கட்டி தனியார் பல்கலைக்கழகத்தில் பி.டெக். படிக்க வைக்கலாமா?

வியாசர்பாடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டாள், முழுக்க வங்கிக் கடன் வாங்கிச் சேர்க்கலாமா என்று.

முதலில் தவணையைப் பாருங்கள். நான்கு ஆண்டுக்கு 12 லட்சம். 10% வட்டியில் 10 ஆண்டில் அடைத்தால் மாதம் சுமார் 15,900 ரூபாய். படிக்கும் காலத்து வட்டியும் சேர்ந்தால் இன்னும் கூடும். முதல் வேலையில் கைக்கு 22,000 வந்தால் மிச்சம் 6,000. வீட்டு வாடகைக்கே காணாது.

சரி, அங்கே படித்தால் சம்பளம் கூடாதா? கூடலாம். ஆனால் விளம்பரத்தில் போடுவது யாரோ ஒருவர் வாங்கிய உச்ச சம்பளம். சராசரியையும் அந்த ஒருவரே தூக்கிவிடுவார். மகள் சேரும் பிரிவில் மொத்தம் எத்தனை பேர், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, சம்பள வரிசையில் நடுவில் நிற்பவர் வாங்குவது என்ன என்று கேளுங்கள். சொல்லத் தயங்கும் இடத்தில் என் பிள்ளையை நான் சேர்க்க மாட்டேன்.

அப்புறம், இதைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் பொறியியல் கலந்தாய்வில் 7.5% உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். ஒதுக்கீடு கைகூடாவிட்டாலும், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கலந்தாய்வு இடத்துக்குக் கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது.

கலை அறிவியல் போதுமென்றால், உங்கள் வியாசர்பாடியிலேயே டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது.