கெர்னல் முறை, பார்க்காத தரவையும் எப்படிச் சரியாகக் கணிக்கிறது?

புதிய புள்ளி ஒன்று தெரிந்த புள்ளிகளோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதை வைத்துக் கணிக்கும் இயந்திரக் கற்றல் முறைதான் கெர்னல் முறை. முடிவிலாப் பரிமாணத்தில் (எண்ணற்ற அம்சங்களோடு) இயங்கும் அது, பயிற்சித் தரவை மனப்பாடம் செய்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டுப்படுத்தாவிட்டால் செய்துவிடும். இங்கே கவனிக்க வேண்டியது பரிமாண எண்ணிக்கையை அல்ல, கணிப்பைத் தரும் சார்பின் 'நார்ம்' அளவை. அதிகம் நெளியும் சார்புக்கு நார்ம் பெரிது. பயிற்சிப் பிழையோடு லாம்டா (நாம் தேர்ந்தெடுக்கும் கட்டுப்பாட்டு எண்) மடங்கு நார்ம் வர்க்கத்தையும் சேர்த்துக் குறைப்பதால், தேவையில்லாத நெளிவு அடங்கிவிடும்.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சிலவற்றில் மட்டும் வெப்பநிலையை அளந்து, மற்ற இடங்களுக்கு உயரத்தை வைத்துக் கணிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். காஸியன் கெர்னல் ஒவ்வொரு அளவீட்டின் மேலும் மணி வடிவ வளைவு ஒன்றை வைக்கும். அவற்றின் எடையிட்ட கூட்டல்தான் கணிப்பு. மணியின் அகலம் உயரக் கணக்கில் 5 மீட்டர் என்றால் அளந்த இடத்தில் கச்சிதமாக இருக்கும், நடுவே பூஜ்யம் டிகிரிக்குச் சரியும்! 200, 300 மீட்டர் என்றால் பக்கத்து அளவீடுகள் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும்.

அப்புறம், அடிவாரத்தில் மட்டும் அளந்துவிட்டு மலையுச்சிக்குக் கணிப்பு கேட்காதீர்கள். அங்கே இந்தக் கெர்னலுக்குப் பிடிமானமே இல்லை.

அகலத்தையும் லாம்டாவையும் குறுக்குச் சரிபார்ப்பில் (அளவீடுகளில் ஒரு பகுதியை ஒதுக்கிவைத்து, மீதியால் அதைக் கணித்துப் பார்ப்பதில்) தேர்ந்தெடுங்கள். அதிலும் அடுத்தடுத்த கொண்டை ஊசி வளைவுகளை மொத்தமாக ஒதுக்கிச் சோதிப்பதே என் பரிந்துரை. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒதுக்கினால், பக்கத்து வளைவே விடையைச் சொல்லிக்கொடுத்துவிடும்.