வாசகர் கேள்வி–பதில்: சீரியல் மோடமும் லினக்ஸும்

கேள்வி: பழைய வெளிப்புற 56கே மோடம் ஒன்றை டெபியன் லினக்ஸ் கணினியின் சீரியல் போர்ட்டில் இணைத்திருக்கிறேன். மோடத்தோடு பேச உதவும் மினிகாம் நிரலைத் திறந்து 'ஏடி' என்று தட்டினால் 'ஓகே' வருவதில்லை. தட்டிய எழுத்துகள்கூடத் திரையில் தெரிவதில்லை. விண்டோஸ் கணினியில் இதே மோடம் ஒழுங்காக வேலை செய்தது. டிரைவர் ஏதேனும் நிறுவ வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: டிரைவர் எதுவும் வேண்டாம். பாதி வேலையைக் கணினியின் தலையில் கட்டிவிடும் 'வின்மோடம்' அட்டைகளைப் போலன்றி, வெளிப்புற மோடம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு, 1981இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் ஸ்மார்ட்மோடத்தோடு வந்த ஏடி கட்டளைகளுக்குப் பதில் சொல்லும். அது எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை மட்டும் லினக்ஸுக்குச் சொன்னால் போதும். விண்டோஸின் காம்1 இங்கே டிடிஒய்எஸ்0. காம்2 என்பது டிடிஒய்எஸ்1. யுஎஸ்பி மாற்றி வழியாக இணைத்திருந்தால் டிடிஒய்யுஎஸ்பி0. மினிகாம் திறந்துகொண்டது என்கிறீர்கள். ஆகவே அனுமதிச் சிக்கல் இல்லை. 'டயல்அவுட்' குழுவில் உங்கள் பயனர்பெயர் இல்லாதிருந்தால், போர்ட்டைத் திறக்க முடியவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கும்.

இனி மோடத்தின் முகப்பு விளக்குகளைக் கவனியுங்கள். மினிகாமைத் திறந்தவுடன் 'டிஆர்' விளக்கு எரிய வேண்டும். கணினி தயார் என்று அறிவிக்கும் டிடிஆர் கம்பியின் விளக்கு அது. எரியவில்லை என்றால் போர்ட் தவறு, அல்லது அந்தக் கம்பி கேபிளிலேயே இல்லை. டிஆர் எரிகிறது, ஆனால் எழுத்தைத் தட்டும்போது, கணினி அனுப்புவதைக் காட்டும் 'எஸ்டி' விளக்கு மின்னவில்லை என்றால், எழுத்து கணினியை விட்டே கிளம்பவில்லை. எப்போது அனுப்பலாம், எப்போது நிறுத்தலாம் என்று தனிக் கம்பிகள் மூலம் சொல்லும் வன்பொருள் வழியான ஓட்டக் கட்டுப்பாடு மினிகாமில் இயங்கிக்கொண்டிருக்க, கேபிளில் அந்த அனுமதியைத் தரும் சிடிஎஸ் கம்பி இல்லாமல் போனால் இப்படித்தான் ஆகும். 'அனுப்பலாம்' என்ற அனுமதிக்காகக் கணினி காத்துக்கொண்டே நிற்கும். எஸ்டி மின்னுகிறது, மோடம் திருப்பி அனுப்புவதைக் காட்டும் 'ஆர்டி' மின்னவில்லை என்றால், எதிரொலியையும் பதிலையும் நிறுத்திவைக்கும் அமைப்பு மோடத்தில் முன்பே சேமிக்கப்பட்டிருக்கலாம். திரையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் 'ஏடிஇ1கியூ0வி1' என்று தட்டி என்டர் கொடுங்கள். இரண்டு விளக்குகளும் மின்னித் திரையில் குப்பை எழுத்துகள் வந்தால் வேகப் பொருத்தம் சரியில்லை.

நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால் கேபிளின் மேல்தான் என் சந்தேகம். மோடத்திற்குத் தேவை நேர் கேபிள். இரண்டு கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் 'நல்மோடம்' கேபிளில் அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் குறுக்காகச் செல்லும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மூன்றே கம்பிகள் கொண்ட மலிவுக் கேபிள்களும் கடைகளில் உண்டு. விண்டோஸ் கணினியில் பயன்படுத்திய அதே கேபிளைக் கொண்டுவந்து இங்கே மாட்டிப் பார்ப்பதே மிக எளிய சோதனை.

கேள்வி: மோடத்தின் வேகம் 56கே என்னும்போது போர்ட்டின் வேகத்தை 57,600 என்று வைத்தால் போதாதா? எல்லாரும் ஏன் 1,15,200 என்கிறார்கள்?
– வாசகர், மதுரை

பதில்: தொலைபேசிக் கம்பியில் ஓடும் வேகம் வேறு, கணினிக்கும் மோடத்திற்கும் இடையிலான வேகம் வேறு. வி.42பிஸ் முறையில் மோடம் தரவைச் சுருக்கி அனுப்புகிறது. வெறும் எழுத்துக்கோப்பு நன்றாகவே சுருங்கும், சிறந்த நிலையில் நான்கில் ஒரு பங்காகக்கூட. மறுமுனையில் விரிந்து வரும் தரவைக் கணினி வாங்கிக்கொள்ள போர்ட் அகலமாக இருக்க வேண்டும். ஆனால் 1,15,200 என்றால் விநாடிக்கு 11,520 எழுத்துகள். எழுத்துகளைச் சற்றுத் தேக்கிவைக்கும் 16 பைட் இடையகம் கொண்ட 16550ஏ சில்லு சீரியல் போர்ட்டில் இருந்தால் இதைத் தாங்கும். அதற்கு முந்தைய 16450 சில்லில் அந்த இடையகமே கிடையாது, எழுத்துகள் உதிர்ந்துபோகும். எந்தச் சில்லு என்பதைக் கணினி தொடங்கும்போது கெர்னல் எழுதும் பதிவில் பார்க்கலாம். வேகத்தை உயர்த்திவிட்டு ஓட்டக் கட்டுப்பாட்டை மறந்துவிடாதீர்கள். ராக்வெல் சில்லு உள்ள மோடம்களில் அதற்கு '&கே3', யு.எஸ். ரோபாட்டிக்ஸ் மோடம்களில் '&எச்1&ஆர்2'. அமைத்தபின் '&டபிள்யூ' கொடுத்தால் சேமித்துக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் ஆலையின் சர்வருக்கு இணையம் துண்டிக்கப்படும்போது, வீட்டிலிருந்து தொலைபேசி வழியாக உள்ளே நுழைய விரும்புகிறேன். மோடத்தை எப்படி அமைப்பது?
– வாசகர், திருப்பூர்

பதில்: வரும் அழைப்பை எடுத்து, அழைப்பவரிடம் பயனர்பெயரைக் கேட்கும் எம்கெட்டி என்ற நிரலை நிறுவுங்கள். சாதாரண கெட்டி நிரலைக் கொண்டும் செய்யலாம் என்றாலும், அப்போது 'எஸ்0=1' என்று அமைத்து அழைப்பை மோடமே எடுக்குமாறு விட வேண்டியிருக்கும்; சர்வர் செயலிழந்து கிடந்தாலும் மோடம் கடமை தவறாமல் அழைப்பை எடுத்து, எதிரே பேச ஆளில்லாமல் விழிக்கும். எம்கெட்டிக்கு 'எஸ்0=0' என்று வைத்துவிட்டால், மோடம் மணியடிப்பதைச் சொல்ல, நிரல் உயிரோடு இருந்தால் மட்டுமே அழைப்பு எடுக்கப்படும். அதே மோடத்தை மினிகாமுக்கும் பயன்படுத்தலாம். போர்ட்டுக்கான பூட்டுக்கோப்பை இரண்டும் மதிப்பதால், ஒன்று பேசும்போது மற்றது ஒதுங்கிக்கொள்ளும்.

எதை விட்டாலும் '&சி1&டி2' இரண்டையும் விடாதீர்கள். முதலாவது, இணைப்பு உண்மையில் இருக்கும்போது மட்டும், அதைக் கணினிக்குச் சொல்லும் டிசிடி கம்பியை உயர்த்துவது; இரண்டாவது, கணினி டிடிஆரைத் தாழ்த்தியவுடன் மோடத்தைத் தொலைபேசியை வைக்கச் செய்வது. முதலாவது இல்லையென்றால், நிர்வாகியாக நுழைந்திருக்கும்போது அழைப்பு அறுந்துபோனதைச் சர்வர் அறியாது. அடுத்து அழைப்பவர், அவர் யாராக இருந்தாலும், கடவுச்சொல் இல்லாமலே உங்கள் இடத்தில் போய் அமர்வார். இரண்டாவது இல்லையென்றால் நீங்கள் வெளியேறிய பின்னும் லைன் பிடித்தபடியே கிடக்கும். இரு முனைகளிலும் சாதாரண மோடம் என்பதால் 33.6கே வேகத்தைத் தாண்டாது. கட்டளை தட்டுவதற்கு அது தாராளம்.

கேள்வி: தொலைபேசி ஃபைபருக்கு மாறியபின் மோடம் 'நோ டயல்டோன்' என்கிறது. காதில் வைத்தால் டயல்டோன் நன்றாகக் கேட்கிறது.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தொலைபேசியை ஃபைபரோடு இணைக்கும் பெட்டி எழுப்பும் ஒலியை மோடம் டயல்டோன் என்று ஏற்கவில்லை. 'ஏடிஎக்ஸ்3' கொடுத்துவிட்டு டயல் செய்தால் அதற்காகக் காத்திராது. ஆனால் இனி உங்கள் குரல் பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது. ஒரு பொட்டலம் தவறினால் காதுக்குத் தெரியாது, மோடத்திற்குத் தெரியும். பெட்டி குரலைச் சுருக்கும் முறையில் இருந்தால் இணைப்பே கிடைக்காது, அப்படிச் சுருக்காத ஜி.711 முறையில் இருந்தால், மோடத்தின் உச்ச வேகத்தை 9,600க்கோ அதற்குக் கீழோ கட்டிவைத்து முயலலாம். அதற்கான கட்டளை மோடத்துக்கு மோடம் மாறும் என்பதால் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.