நீல இன்ஹேலர் அடித்தும் வீசிங் அடங்கவில்லை என்றால்

முதலில் பையனைப் படுக்க வைக்காதீர்கள், நேராக உட்கார வையுங்கள். வடபழனியில் போகிப் புகை பட்டு வீசிங் வந்த பையனுக்கு நீல இன்ஹேலர் (மூச்சுத் திணறலை உடனே தணிக்கும் மருந்து) இரண்டு தடவை அடித்தும் கேட்கவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் மருந்து நெஞ்சுக்குள் போகாமல் தொண்டையிலேயே தங்கியிருக்கும். ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டி மூச்சிழுக்கும் குழாய்) இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு இது ரொம்ப சகஜம்.

ஸ்பேசரை மாட்டி, இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஒரு பஃப் (ஒரு தடவை அடிப்பது). நாலு மூச்சு இழுக்கட்டும். மறுபடி குலுக்கி அடுத்தது. இப்படி 4 பஃப். 4 நிமிடம் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் இன்னொரு 4. அப்போதும் அடங்காவிட்டால் 108.

இன்ஹேலரில் மீதி எத்தனை பஃப் என்று காட்டும் கவுண்டர் இருந்தால், அது 0 காட்டுகிறதா என்றும் பாருங்கள். மருந்து மீதி இருக்கிறதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதை நம்ப வேண்டாம்.

பேச முடியாமல் திணறினாலோ உதடு நீலம் பாரித்தாலோ உடனே 108, காத்திருக்கவே கூடாது. வீசிங்கோடு முகம் வீங்கி உடம்பெல்லாம் தடித்தால் அது கடுமையான அலர்ஜியாக இருக்கலாம். இன்ஹேலர் மட்டும் போதாது, அட்ரினலின் ஊசி வேண்டும்.